பிறந்த இடம் கொழும்பு

நமசிவாயம் ஐயாவைக் கொன்றது ஒரு சாவி. மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று போட்டிருந்தார்கள், போடட்டும். அவர் காலைத் தேநீரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, அவருடைய அடையாள அட்டையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் தாளும் எங்கள் முதியோர் இல்லத்து அலுவலக அறை இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரிச் சாவி எங்கள் செக்ரட்டரி சிவபாதசுந்தரம் ஐயாவின் சட்டைப் பையில் இருந்தது. செக்ரட்டரி ஐயா நுகேகொடையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். 2007ஆம் வருஷம் அது, சண்டைக் காலம், வீதித் தடைக்குத் தடை ஆமிக்காரர் நிறுத்தி அட்டை கேட்பார்கள். அட்டையும் பதிவும் கையில் இல்லாமல் ஒரு தமிழ்க் கிழவரை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் கால் மைல் போக முடியாது. சாவி வர ஐம்பது நிமிஷம் ஆனது. ஐயா அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன், மூன்று இடத்துக்கு. ஒரு இடத்தில் டொக்டரின் கடிதம் இருக்கிறதா என்றார்கள். இன்னொரு இடத்தில் வண்டி களுத்துறைப் பக்கம் போயிருக்கிறதாம். மூன்றாவது இடத்தில் ஒருத்தி, முதியோர் இல்லம் என்று நான் சொன்னதும், வயது எத்தனை என்று கேட்டாள். எண்பத்தொன்று என்றேன். "பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் போல. எண்பது தாண்டியவருக்கு மூச்சு முட்டினால் அது அவசரம் இல்லை, வயசு என்று இந்த ஊரில் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் இராமலெட்சுமி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மலையகத்தவள். அப்போது கொழும்புக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த அந்த இல்லத்தில் நான்தான் தலைமை அட்டெண்டன். மாடி இரண்டு, கட்டில் முப்பத்தொன்று. படுத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்து ஆட்கள். பிள்ளைகள் கனடாவில் இருந்தார்கள், லண்டனில் இருந்தார்கள், அல்லது வடக்குப் பாதை மூடிய பிறகு அந்தப் பக்கமே அகப்பட்டுக் கிடந்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று செக்ரட்டரி ஐயா கமிட்டியில் சொல்லியிருக்கிறார். நீளம்தான். முப்பத்தொரு பேருக்காகப் பேச ஒரு வாயாவது வேண்டாமா?

பாலேஸ்வரி டீச்சர் முதல் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். வயது எழுபத்துநாலு. கிளிநொச்சியில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவர். சண்டை நின்றிருந்த சமாதானக் காலத்தில் கண் ஒப்பரேஷனுக்கென்று கொழும்புக்கு வந்தவர், திரும்பிப் போவதற்குள் பாதை பூட்டிவிட்டார்கள். ஒரே மகள் அங்கே. ஃபோன் இல்லை, கடிதம் இல்லை. டீச்சரின் இருதயம் களைத்துப்போயிருந்தது. அந்த வருஷம் மட்டும் இரண்டு தரம் நெஞ்சில் நீர் கட்டி, இரண்டு தரமும் மயிரிழையில் தப்பினார். இரண்டாம் தரம் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த முறை மூச்சு முட்டத் தொடங்கினதும் அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்துவிடு. ஊசி போட்டால் நீர் இறங்கும், எழும்பி நடப்பார். பிந்தினால் நான் ஒன்றும் செய்ய ஏலாது" என்றார்.

இதை டீச்சரிடம் மறைக்க முடியாது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அரை மணித்தியாலமோ? அது காணும், போதும்" என்றார். "என்ரை மகளின்ரை குரலை ஒருக்கால் கேக்கவேணும் பிள்ளை. அதுவரைக்கும் என்னை எப்பிடியாவது இழுத்துக்கொண்டு போ. பிறகு என்னவும் நடக்கட்டும்."

"நான் கொண்டுபோயிருவேன் டீச்சர்" என்றேன். சத்தியம் செய்யவில்லை, ஆனால் சத்தியம் மாதிரித்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டித் தொங்கவிட்டேன். அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, என்ன வருத்தம், என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதற்குள். அட்டைகளை அலுமாரியிலிருந்து பிடுங்கி எடுக்க செக்ரட்டரி ஐயாவோடு இரண்டு கிழமை சண்டை போட்டேன். துலைந்துபோனால் ஆர் பொறுப்பு என்று கேட்டார். நமசிவாயம் ஐயா துலைந்துபோனதற்கு ஆர் பொறுப்பு என்று கேட்டேன். அதோடு தந்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் எங்கள் மாடிப்படியில் திரும்பாது. மூச்சு முட்டுகிறவரைப் படுக்கவைக்கவும் கூடாது, நிமிர்த்தி இருத்தவேண்டும். அதனால் கைபிடியுள்ள பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருத்தி, சேலையால் இடுப்பைக் கட்டி, சமையல்கார வின்சன்ற் முன்பக்கமும் நான் பின்பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று முடிவு செய்தோம். ஒழுங்கை முகப்பில் காலையிலிருந்து பொழுதுபடும் வரை பௌஸியின் த்ரீவீல் நிற்கும். மாளிகாவத்தைப் பையன், வாயாடி, ஆனால் சொன்ன சொல் மாறமாட்டான். "நீங்க ஒரு மிஸ்ட் கோல் குடுங்க அக்கா. ஹயர்ல ஆள் ஏறி ஈந்தாலும் எறக்கிட்டு வாரேன்" என்றான்.

பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். டீச்சர் தானே வருகிறேன் என்று கதிரையில் ஏறிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். முதல் தரம் ஏழு நிமிஷம். வின்சன்ற் திருப்பத்தில் கதிரையைச் சுவரில் இடித்தான் என்று அரைப் புள்ளி குறைத்தார். நாலாம் தரம் நாலு நிமிஷம் இருபது செக்கன். "இன்னும் கெதியாச் செய்யலாம்" என்றார். மாடியில் இருந்த எல்லோரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்னபாக்கியம் அம்மா, தனக்கும் ஒரு சவாரி வேண்டும் என்று கேட்டார். அன்று அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொண்டுவந்தேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

கடிதம் பிறகுதான் வந்தது. உறையின் மேலே, திறந்ததும் தெரிகிற மாதிரி, இல்லத்தின் கடிதத் தலைப்பில் சிங்களத்தில் ஒரு கடிதம் இருந்தால் தடைகளில் சுணங்காமல் போகலாம் என்பது என் யோசனை. என் சிங்களக் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், அதுவும் எனக்கொரு பெருமை. இவர் எங்கள் இல்லவாசி, கடுமையான நோயாளி, தயவுசெய்து உடனே செல்லவிடவும் என்று எழுதி, பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் போட்டு, கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். செக்ரட்டரி ஐயா முதல் கடிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"கிளிநொச்சி எண்டு எங்கடை தலைப்பிலை எழுதி நான் கையெழுத்து வைக்கவோ? நாளைக்கு இல்லத்தைச் சல்லடை போட வருவாங்கள். பிறந்த இடம் கொழும்பு எண்டு போடும் பிள்ளை. ஆருக்கும் கரைச்சல் இல்லை."

பழியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொன்னபோது எனக்கும் அது புத்தியாகத்தான் பட்டது. இருபத்திரண்டு வருஷம் தடைகளைக் கடந்தவள் நான். அவர்கள் முதலில் தேடுவது ஊர்ப் பெயர், புலிகள் இருக்கிற பக்கத்து ஊரா என்று. என் அட்டையில் ஹட்டன் என்று பார்த்ததும் பாதி நாள் திருப்பிக்கூடப் பார்க்காமல் தந்துவிடுவார்கள். அதே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கிளிநொச்சிக்காரப் பெண்ணை ஓரமாக நிற்கவைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மேலே இருக்கிற கடிதத்தில் கொழும்பு என்று இருந்தால், அடியில் கிடக்கிற அட்டையை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வடக்கில் பிறந்த இருபத்திரண்டு பேருக்கும் பிறந்த இடம் கொழும்பு என்று அழகான எழுத்தில் எழுதினேன். ஐயா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு ரப்பர் முத்திரையும் குத்தினார்.

டீச்சருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டார், சொன்னேன்.

"நான் கொழும்பிலை பிறக்கேல்லையே பிள்ளை."

"ஒரு வரிதானுங்களே டீச்சர். அவங்க பார்க்கிறது ஊர்ப் பேரைத்தான்."

"விடை பிழையெண்டால் மிச்சத்துக்கும் புள்ளி இல்லை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தார். என்னை நம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு இருபதுக்கு, டீச்சர் மணியை அடித்தார். நான் ஓடிப்போனபோது கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்திருந்தார். நெஞ்சுக்குள்ளிருந்து கரகர என்று சத்தம் வந்தது. "மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்றார். நான் மிஸ்ட் கோல் கொடுத்தேன். வின்சன்ற் கதிரையோடு வந்தான். கட்டினோம், தூக்கினோம், இறங்கினோம். திருப்பத்தில் இடிக்கவில்லை. பௌஸி வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றான். டீச்சர் த்ரீவீலில் ஏறி என் தோளில் சாய்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, "நாலு" என்றார். நாலு நிமிஷம். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டியில் தடை. வரிசையில் ஆறேழு வண்டிகள். பௌஸி இறங்கி ஓடிப்போய் நோயாளி என்று சொன்னான். இளம் ஆமிக்காரன் ஒருவன் எங்களை முன்னால் வரச் சொல்லிக் கையசைத்தான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. டீச்சரைக் குனிந்து பார்த்து, "அம்மே" என்றான் மெதுவாக. நான் கடிதத்தை மட்டும் உருவி எடுத்து, "மல்லி, அம்மாவுக்கு ரொம்ப வருத்தம், சீக்கிரம் போகணும்" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னேன். அவன் கடிதத்தை வாசித்தான், தலையாட்டினான். பிறகு, பழக்கத்தில், கையை நீட்டி உறையையும் வாங்கினான்.

அட்டையைத் திருப்பினான். கடிதத்தைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். பொலிஸ் பதிவையும் விரித்தான். மூன்று காகிதத்தில் இரண்டு கிளிநொச்சி என்றன. கொழும்பு என்றது ஒன்றே ஒன்று, முத்திரை குத்தியது.

"இதை எழுதியது யார்?"

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் தன் பெரியவரைக் கூப்பிட்டான். கூப்பிடாமல் விட அவனால் முடியாது, அது எனக்கும் தெரியும். பெரியவர் வந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோயாளி வேஷத்தில் வருகிறவர்களைப் பற்றி அவர்களுக்கு ஏதோ உத்தரவு இருந்ததாம். பௌஸியை இறக்கி வண்டி சீட்டைக் கழற்றச் சொன்னார்கள். என் அட்டை, பௌஸியின் அட்டை, லைசென்ஸ் எல்லாம் வாங்கினார்கள். நான் கெஞ்சினேன். எழுதியது பொய், ஆனால் அம்மாவின் மூச்சு பொய் இல்லை, நீங்களே காதை வைத்துக் கேளுங்கள் என்றேன். பெரியவர் என்னைப் பார்க்காமல் கடிதத் தலைப்பில் இருந்த எண்ணுக்கு ஃபோன் எடுத்தார்.

இல்லத்தில் ஃபோனை எடுத்தவர் செக்ரட்டரி ஐயா. அங்கே அவர் என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பாலேஸ்வரி என்பவர் எங்கே பிறந்தவர் என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் நடுங்கிப்போய், தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், கொழும்பு, கொழும்புதான் மஹத்தயா, எனக்கு நல்லாத் தெரியும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிறாராம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் கேட்டார்கள்.

ஃபோனை வைத்த பெரியவரின் முகம் மாறிவிட்டது. வானொலியில் யாரிடமோ பேசினார். நில்லுங்கள் என்றார்.

நின்றோம். வெயில் வண்டித் தகரத்தில் இறங்கியது. நான் டீச்சரை நிமிர்த்திப் பிடித்து முந்தானையால் விசிறினேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது, வாயோரத்தில் நுரை. அந்த இளம் ஆமிக்காரன் தன் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். குடிக்க முடியாது என்று சொன்னேன். டீச்சர் கையை உயர்த்த முடியாமல் என் கையில் தட்டினார். கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இருபத்தெட்டு" என்றார்.

அவருக்குக் கணக்குத் தெரியும். அரை மணித்தியாலம் என்றால் எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையை மெதுவாக அழுத்திவிட்டு, "பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினம் என்னே" என்றார். மகளைச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகக் கதைத்தது.

மூன்று மணி ஒன்பதுக்கு எங்களைப் போகச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. அட்டைகளைக் கொண்டுவந்து தந்தவன் அந்த இளம் ஆமிக்காரன்தான். குரலைத் தாழ்த்தி, "அட்டையை மட்டும் காட்டியிருந்தால் விட்டிருப்பேனே நோனா" என்றான். "காலையிலிருந்து வருத்தக்காரர் எத்தனை பேரை விட்டேன். அதில் கிளிநொச்சிக்காரரும் இருந்தார்கள்."

அவனை ஏசவாவது எனக்கு ஒரு காரணம் கொடுத்திருக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டான். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது டீச்சரின் தலை என் தோளிலிருந்து மார்புக்குச் சரிந்தது. பௌஸி கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினான். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தாள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டாள். நான் சொன்னேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். வெள்ளவத்தை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வெள்ளவத்தையிலிருந்து நடந்தே வந்திருக்கலாம் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அன்று பின்னேரமே செக்ரட்டரி ஐயா கடிதங்களை எல்லாம் எடுத்துக் குசினி அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன். அவர் பக்கத்தில் நின்று, "நான் நல்லதுக்குத்தானே சொன்னனான் இராமலெட்சுமி" என்றார். அழுதார். எனக்கு அவரைத் தேற்றவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. என் கையெழுத்துத்தானே எரிந்துகொண்டிருந்தது.

டீச்சரைக் கனத்தை மயானத்தில் எரித்தோம். மகளுக்குச் சொல்ல வழி தேடினேன். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கோயிலில் கேட்டேன், சேர்ச்சில் கேட்டேன். ஒருவரும் போகவில்லை.

அடுத்த கிழமை நான் புதிய தாள்களோடு மாடிக்கு ஏறினேன். இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுவேன், ஒரு எழுத்தும் மாற்றமாட்டேன் என்றேன். பிறகு பார்த்தால் தலைமாட்டு உறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தன. தலையணைக்கு அடியில், ட்ரங்குப் பெட்டிக்குள், மெத்தைக்குக் கீழே. அன்னபாக்கியம் அம்மாதான் எல்லோருக்காகவும் பேசினார். "நீ எங்களுக்கு எவ்வளவு செய்தனி எண்டு தெரியும் பிள்ளை. ஆனால் எங்களை இனி ஒரு இடமும் கொண்டுபோகாதை. வெயிலிலை, றோட்டிலை, அவங்களுக்கு முன்னாலை வேண்டாம்." நான் வாதாடினேன். சத்தம் போட்டேன். ஒருவரும் அசையவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை. மணி அடிப்பதில்லை. நெஞ்சு நோவதில்லை, தலை சுற்றுவதில்லை. காலையில் கேட்டால் எல்லோரும் சுகம் என்பார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் சுகமாகவே செத்துப்போனார்கள். டொக்டர் வந்து பார்த்து, இவர்களுக்கு நாள்கணக்கில் அறிகுறி இருந்திருக்குமே, நீங்கள் கவனிக்கவில்லையா என்று என்னைக் கேட்டார்.

பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு அன்னபாக்கியம் அம்மாவுக்கு உடம்பு துடைக்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இடது கையை மடக்கி நெஞ்சுக்குள் வைத்திருந்தார், விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கமாக.

"என்னம்மா, நெஞ்சு நோவுதா?"

"இல்லைப் பிள்ளை. வெக்கை."

ஜன்னல் திறந்திருந்தது. கடல் காற்று திரைச்சீலையைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், கண்ணில் பயம். நோவுக்கான பயம் இல்லை அது. நான் ஃபோனை எடுத்துவிடுவேனோ என்ற பயம். பௌஸி ஒழுங்கை முகப்பில்தான் நின்றான், ஜன்னலால் தெரிந்தான். நான் கட்டிலில் உட்கார்ந்து, அவர் நெற்றியைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

"ஆமாங்கம்மா" என்றேன். "இன்னைக்கு ரொம்ப வெக்கை."